தோட்ட வீட்டுக்காரன் கேட்ட வாடகை

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைச் செழியவர்மன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. புகழ்ந்து பேசுகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான், குறை சொல்கிறவனைத் தூரத்தில் நிறுத்துவான்.

அவன் தலைநகரை ஒட்டி ஓர் அருவி விழுந்தது. சாரல் காலம் வந்தால் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் குளிக்க வருவார்கள். அருவிக்கரை வைத்தியர்களிடம் மருந்து வாங்கவும் வருவார்கள். ஊரார் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விடுவார்கள்.

அரசனுக்குப் பிரியமான விடங்கநாதன் என்ற சபையோன் இதைப் பார்த்தான். "வருகிறவர்கள் தெருத்தெருவாக அலைகிறார்கள், அரசே. கோட்டை வாசலில் ஒரு சாவடி போட்டு நானே அறை பிடித்துக் கொடுக்கிறேன். எனக்கு ஒரு காசு வேண்டாம், உங்கள் பெயர் விளங்கினால் போதும்" என்றான். அரசன் உச்சி குளிர்ந்து உத்தரவு கொடுத்தான்.

சாவடியில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்காரரும் வந்து தங்குகிறவரும் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அந்த வீட்டுக்கு அப்புறம் ஆள் வராது.

அந்த வருஷம் சடையன் என்ற உப்பு வண்டிக்காரன், காய்ச்சலில் கிடந்த மனைவி வடிவை வைத்தியரிடம் காட்ட வண்டியில் கூட்டிவந்தான். சாவடியில் இருந்தவர்கள், "பேச்சிமுத்து வீட்டில் அறை இருக்கிறது. வீட்டுக்காரி ஐந்து பணம் கேட்கிறாள்" என்றார்கள். சடையனிடம் இரண்டு பணம்தான் இருந்தது. கெஞ்சிப் பார்த்தான். "நாங்கள் என்ன செய்ய? அவள் மசிய மாட்டாள்" என்றார்கள். வாசலுக்கு வெளியே ஒழுகுகிற ஒரு மண்டபத்தில் மனைவியைப் படுக்கவைத்தான். விடாமல் மழை பெய்தது. வைத்தியர் வந்து பார்ப்பதற்குள் வடிவு போய்விட்டாள்.

யாரோ வெளியூர்ப் பெண் செத்துக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பேச்சிமுத்து ஒரு புதுச் சேலையோடு வந்தாள். தனியாக வாழ்கிற விதவை அவள். சேலையைப் போர்த்திவிட்டு, "மழையில் ஏன் அப்பா வைத்திருந்தாய்? மேலத்தெருவில் என் வீட்டு அறை காலியாகத்தானே கிடந்தது" என்றாள்.

சடையன் நிமிர்ந்து பார்த்தான். "பேச்சிமுத்து நீங்கள்தானா? நீங்கள் கேட்ட ஐந்து பணம் என்னிடம் இல்லை, அம்மா."

"ஐந்தா? நான் ஒரு பணம்தானே சொன்னேன்."

சொன்னவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாக வந்த மந்திரி திருமேனியார் இதைக் கேட்டார். காரியங்கள் முடிந்ததும் சடையனைத் தம் வீட்டில் தங்கவைத்துவிட்டுச் சபைக்குப் போனார்.

நடந்ததைச் சொன்னதும் விடங்கநாதன் சிரித்தான். "மந்திரியாருக்குச் சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. துக்கத்தில் இருக்கிற ஒருவன், காதில் சரியாக விழாத ஒரு கிழவி."

அரசனுக்குக் கோபம் மந்திரியின் மேல்தான் வந்தது. "விடங்கநாதன் ஒரு காசு கூட்டினான் என்பதை அவன் வாயாலேயே வரவழையுங்கள். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்" என்றான்.

"அப்படியே ஆகட்டும், அரசே" என்றார் திருமேனியார்.

பிறகு அரசனைத் தனியே பார்த்தபோது அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "அருவிக்கரையில் உங்கள் பழைய தோட்ட வீடு, உங்களுடையது என்று யாருக்கும் நினைவில்லாமல் சும்மா பூட்டிக் கிடக்கிறது. வருகிற ஏழைகள் இலவசமாகத் தங்கட்டும். உங்கள் பெயர் வேண்டாம், தோட்டக்காரன் பெயரில் சாவடியில் சொல்லிவைப்போம். யார் கொடுத்தார் என்று தெரியாமல் ஜனங்கள் வாழ்த்துவதை நீங்களே காதால் கேட்கலாம்" என்றார்.

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. தோட்டக்காரன் சாவடிக்குப் போய், "வீட்டுக்கு வாடகை வேண்டாம், கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சில நாள் கழித்து, வாழ்த்தைக் கேட்கும் ஆசையில் அரசன் சாதாரண உடையில் கிளம்பினான். மந்திரியையும் விடங்கநாதனையும் கூட அழைத்துக்கொண்டான். யார் வீட்டுக்குப் போகிறோம் என்று விடங்கநாதனுக்குத் தெரியாது.

தோட்ட வீட்டு வாசலில் ஒரு நெசவாளி, நடக்க முடியாத தன் மகளுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு வசதியாக இருக்கிறதா?" என்று அரசன் கேட்டான்.

"வீட்டுக்கு என்ன குறை? வீட்டுக்காரன்தான் மனுஷனே இல்லை. ஏழு பணம் கேட்டானாம். பிள்ளையின் கால் கொலுசை விற்றுக் கொடுத்தேன். அவன் குடும்பம் உருப்படாது, ஐயா."

அரசன் முகம் வெளுத்தது. விடங்கநாதன் பக்கம் திரும்பி, "என்ன இது?" என்றான்.

அரசன் நெசவாளிக்காக இரக்கப்படுகிறான் என்று விடங்கநாதன் நினைத்துக்கொண்டான். "நான் என்ன செய்வேன், ஐயா? இந்த வீட்டுக்காரன் பெரிய பேராசைக்காரன். குறைக்கச் சொல்லி நானே கெஞ்சினேன், கேட்கவில்லை. அவன் கேட்ட ஏழு பணத்தை ஒரு காசு கூட்டாமல் வாங்கி அவனிடமே கொடுத்தேன்."

"அவனிடமே கொடுத்தாயா?"

"என் கையாலேயே கொடுத்தேன், ஐயா."

திருமேனியார் மெல்லச் சொன்னார்: "விடங்கநாதரே, இந்த வீட்டுக்காரர் உங்கள் எதிரில்தான் நிற்கிறார். வாங்கிய பணத்தை எங்கே வைத்தார் என்று கேளுங்கள்."

விடங்கநாதன் வீட்டைப் பார்த்தான், அரசனைப் பார்த்தான். அரசன் காலில் விழுந்தான்.

மறுநாள் சபையில் அவனுடைய பட்டத்தையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டார்கள். அவன் மாளிகை நோயாளிகள் தங்கும் விடுதியானது. அங்கே வருகிறவர்களுக்குப் பாய் போடுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவன் வேலை. இனி வீட்டுக்காரரும் தங்குகிறவரும் நேருக்கு நேர் நின்றுதான் வாடகை பேச வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அரசன் தன் முத்துமாலையைத் திருமேனியாருக்குப் போட்டான். பிறகு சடையனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேண்டுமோ கேள்" என்றான்.

சடையன் வாசல் பக்கம் பார்த்தான். "கோட்டைக் கதவை இருட்டுவதற்குள் சாத்திவிடுவார்கள். இப்போதே வண்டி கட்டினால் வெளியே போய்விடலாம். உத்தரவு கொடுங்கள், அரசே" என்றான்.

அரசன் தலையை மட்டும் அசைத்தான். சடையன் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். அன்று சபை கலையும்போது செழியவர்மன் வாழ்க என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொல்லச் சொல்லி அவனும் கேட்கவில்லை.