கல் உருகாது என்ற உடும்பு

நெருப்பு மலையின் சரிவில் கூராயி என்ற முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. பாறை இடுக்கு வழியே இறங்கி, அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லாத ஆழத்தில் வளை தோண்டியிருந்தது.

குளிர்காலம் வந்தது. மற்ற விலங்குகள் நடுங்க, கூராயியின் குட்டிகள் மட்டும் வெதுவெதுப்பாகத் தூங்கின. கூராயிக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தரையின் சூடு ஏறிக்கொண்டே போனது. ஒரு காலையில் குட்டிகள் பாதம் சுட்டு அழுதன.

அவற்றை வெளியே விட்டுவிட்டு, கூராயி வளையின் அடியில் இருந்த வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தது. கீழே பாறை நின்றபடிதான் இருந்தது. ஆனால் அதில் கலந்திருந்த வெள்ளை மணிகள் இளகி, கறுப்பு மணிகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று கசிந்தன. கசிந்தவை ஒன்றுசேர்ந்து குழம்பாகி, பாறையைவிட லேசாக இருந்ததால், இடுக்குகள் வழியே மேலே ஏறி வந்தன.

கூராயி, வீரணன் என்ற உடும்பிடம் ஓடியது. எந்தப் புயலிலும் பாறையை விட்டுப் பிடி தளராத வீரணன் சொன்னால், அந்தச் சரிவில் மறுபேச்சு கிடையாது. கண்டதையெல்லாம் கூராயி சொன்னது. வீரணன் தன் பாறையை நகத்தால் பிறாண்டிப் பார்த்தது. ஒரு துகள்கூட உதிரவில்லை.

"உருகினால் மொத்தமாக உருக வேண்டும். பாதி உருகி, பாதி நிற்கிற கல்லும் உண்டா?"

"உண்டு அண்ணே. கல் ஒரே பொருள் இல்லை, கலவை. சூட்டுக்குச் சீக்கிரம் இளகுவது முதலில் ஓடிவரும். மிச்சம் அப்படியே நிற்கும்."

கூடியிருந்த விலங்குகள் சிரித்தன. கூராயிக்கு வெட்கமாகிவிட்டது. இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தது. பிறகு குட்டிகளின் கொப்புளித்த பாதங்களைப் பார்த்தது. அவற்றைக் கூட்டிக்கொண்டு, சரிவின் அடியில் ஓடிய ஆற்றைக் கடந்தது. ஒரு முயல் குடும்பம் மட்டும் பின்னால் வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் மலையின் விலா பிளந்து, தீக்குழம்பு வழிந்தது. சிரித்தவை எல்லாம் அலறியடித்து ஆற்றில் விழுந்தன. கடைசியாக, வால் கருகிய வீரணன் கரையேறியது. வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது:

"என் பாறை உருகவில்லை. இன்னும் நிற்கிறது."

"நிற்கிறது அண்ணே," என்றது கூராயி. "உங்களால்தான் அதன்மேல் நிற்க முடியவில்லை."

ஆபத்து முழுதாக வரட்டும் என்று காத்திருப்பவர், அது பாதி வரும்போதே அகப்பட்டுக்கொள்வார்.