செல்லத்தாய்க்கு ஒரு பிலிம்

கம்பெனிக்காரர்கள் அந்தக் கேமரா பிலிமைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, ஜெசிந்தா டீச்சர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். தலையில் இடி விழுந்தது அவருடைய மாணவர் சிவபெருமாளுக்குத்தான்.

சிவபெருமாள் தூத்துக்குடி துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான். ஆனாலும் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து, டீச்சர் நின்றால் இவர் உட்கார மாட்டார்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களை டீச்சர் பெரிய மரப்பெட்டிக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய படத்தையும் அவர்களுடைய சங்கக் கட்டடத்தில் வரிசையாக மாட்டப்போகிறார்கள். பாதிப் பேரை எடுத்தாயிற்று. மீதிப் பேருக்கு அந்த மெதுவான பிலிம் இல்லை. வெளிச்சத்தை நிதானமாக வாங்கிக்கொண்டு, முகத்தின் ஒவ்வொரு ரேகையையும் தெளிவாகத் தருகிற பிலிம் அது.

"பிந்தி நிக்கிறவங்க படம் ஒரு மாத்துக் குறைஞ்சிரக் கூடாது டீச்சர். ஈடான பிலிமை நான் கொண்டாரேன்" என்றார் சிவபெருமாள்.

அடுத்து நிற்க வேண்டிய செல்லத்தாயிடமும் அதே வாக்கைக் கொடுத்துவிட்டார்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. பத்திரங்களைப் படம் பிடிக்கிற பிலிமை வரவழைத்தார். மெதுவானதுதான், ஆனால் அதில் உப்புக் குவியல் சுண்ணாம்பாகவும் முகங்கள் கரியாகவும் வந்தன. சினிமா லேபில் மிஞ்சிய பிலிமைக் கெஞ்சி வாங்கி வந்தார். அதில் எல்லாமே சோகை பிடித்து வெளிறிக் கிடந்தது. கடைசியில், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வேகமான பிலிமையே எடுத்து, கழுவுகிற மருந்தை மாற்றி மாற்றி அதை வழிக்குக் கொண்டுவந்தார். அந்த பிலிமில் செல்லத்தாயை எடுத்தார்கள். முன்போல லென்ஸ் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை; சட்டென்று ஒரு 'டிக்', அவ்வளவுதான் வேலை.

பழைய பிலிமில் எடுத்த முத்துக்கனியின் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இரண்டு படங்களையும் உப்புக் கொட்டகைக்கே கொண்டுபோய்ச் செல்லத்தாயிடம் கொடுத்தார். டீச்சரும் கேமராவோடு கூட வந்திருந்தார்.

செல்லத்தாய் வெகுநேரம் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"முத்துக்கனி அக்கா உப்பளத்துக்கே சொந்தக்காரி மாதிரி நிக்கா. நான், யாரோ வேலைக்குக் கூப்பிட்டுத் திரும்பினவ மாதிரில்லா நிக்கேன்."

சிவபெருமாளின் முகம் தொங்கிப்போயிற்று. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"எதுல கோளாறு டீச்சர்? வேற எந்த பிலிம் வாங்கட்டும்?"

டீச்சர், சிவபெருமாள் கொண்டுவந்த அதே பிலிமைக் கேமராவில் போட்டார். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு முன்னால் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகவே உள்ளே போகும்படி லென்சுக்கு முன்னால் பொருத்தினார். லென்ஸ் மூடியைச் சிவபெருமாளின் கையில் கொடுத்தார்.

"திறங்க அண்ணாச்சி. நான் சொல்றப்போ மூடினாப் போதும்."

செல்லத்தாய் கேமரா முன்னால் வந்து நின்றாள். சிவபெருமாள் மூடியை எடுத்தார்.

முதலில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. படத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பு. அது தானே வடிந்துபோயிற்று.

"மூடட்டுமா?"

"இன்னும் இல்ல."

அடுத்து, எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிற அந்தத் தோள்கள் மெல்ல இறங்கின. உப்புத் தண்ணீரில் வெந்த கால்கள் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டன. தாடை நிமிர்ந்தது.

வெளியிலிருந்து கங்காணியின் குரல் கேட்டது. "ஏ செல்லத்தாய், எங்க போய்த் தொலைஞ்ச?"

செல்லத்தாய் திரும்பவில்லை. கண்கூட அசையவில்லை. சொந்த மகள் மேடையேறிப் பட்டம் வாங்கியபோதுகூட இவ்வளவு பெருமை சிவபெருமாளுக்கு வந்ததில்லை.

"இப்போ மூடுங்க" என்றார் டீச்சர்.

செல்லத்தாய் கங்காணிக்குப் பதில் சொல்லப் போனாள், ஓடாமல் நடந்தே போனாள்.

சிவபெருமாள் கொஞ்ச நேரம் மூடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அன்னைக்கும் இதே பிலிம்தான டீச்சர்?"

"இதேதான்."

"கறுப்புக் கண்ணாடியப் போட்டு அதோட வேகத்தையெல்லாம் வீணாக்கிட்டீங்களே."

டீச்சர் கேமராவின் மேல் படிந்த உப்புத் தூசியை முந்தானையால் துடைத்தார்.

"பிலிம் எவ்வளவு வேகமா வேணும்னாலும் வரட்டும் அண்ணாச்சி. அதுக்காகச் செல்லத்தாய் எதுக்கு அவசரப்படணும்?"