மீனுக்குக் கொசு வளர்த்த நொச்சிப்பட்டி

நொச்சிப்பட்டிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். எதைச் சொன்னாலும் எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு, அடுத்தது என்ன என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்த ஊரில் வாயைத் திறக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் ஜெசிந்தா மேடம் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்கு இது தெரியாது.

வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்த சமயம். மேடம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நாற்பது பொடி மீன்களைக் கொண்டுவந்து ஊர்த் தலைவர் சடையாண்டியிடம் கொடுத்தார்.

"இதைக் கிணத்துல விடுங்க. கொசுப் புழுவைத் தின்னுடும். பத்திரமாப் பாத்துக்கங்க. ஒண்ணு செத்தாலும் நான்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்."

காய்ச்சல் ஒழியாதா என்று அந்த ஊரில் அதிகம் தவித்தவன் ஒச்சப்பன். வயது முப்பத்தைந்து. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், இப்போதுதான் ஆலங்கரையில் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. ஆனால் பெண்ணின் அப்பா தவசிலிங்கம் தரகரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என் மூத்த பொண்ணு டெங்குல செத்துப் பொழச்சவ. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து மாப்பிள்ளையையும் வீட்டையும் பாப்பேன். ஒரே ஒரு கொசு கடிச்சாலும் எந்திரிச்சு வந்துருவேன்."

பாவம், ஒச்சப்பன் தினமும் கிணற்றுக்குப் போய் மீன்களைக் கும்பிட்டான்.

நாலே நாளில் மீன்கள் கிணற்றில் இருந்த புழுவையெல்லாம் தின்று தீர்த்தன. வேறு ஊராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நொச்சிப்பட்டியில் பஞ்சாயத்துக் கூடியது.

"புழு தீந்துபோச்சு. இனி மீனு என்னத்தத் திங்கும்?" என்று கவலைப்பட்டார் தலைவர்.

"சோறு போட்டா என்ன?" என்றான் ஒச்சப்பன்.

ஊரின் மூளை என்று பெயரெடுத்தவர் மொக்கராசு. அவர் தலையை ஆட்டினார். "மேடம் புழு திங்கும்னாங்க. சோறு திங்கும்னாங்களா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"புழுவை நாமதான் வளக்கணும்."

மறுநாளே வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பு ஆரம்பமானது. பழைய டயர், சிரட்டை, விரிசல் விழுந்த ஆட்டுரல், ஜோடி தொலைந்த ரப்பர் பூட்ஸ் என்று தண்ணீர் நிற்கும் எதையும் விடவில்லை. விடிந்ததும் ஆளுக்கொரு சொம்பில் புழுவோடு கிணற்றடியில் வரிசையாக நின்றார்கள். "உங்க வீட்டுப் புழு ஏன் நோஞ்சானா இருக்கு?" என்று ஒருவர் கேட்கப்போய் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றது. கொசுவை அடிப்பதற்கும் தடை வந்தது. "தாயை அடிச்சுட்டா புள்ளைக்கு எங்க போறது?" என்று கேட்டார் மொக்கராசு.

மாத முடிவில் மீன்கள் கொழுகொழுவென்று ஆயின. காய்ச்சல் வீட்டுக்கு மூன்று பேர் என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒச்சப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "தலைவரே, பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. ஊருல வாயத் தொறந்தா கொசு உள்ள போகுது. இந்த எடமும் போச்சுன்னா எனக்கு வேற நாதி இல்ல."

"கொசுவை ஒழிச்சுருவோமா?" என்றார் தலைவர்.

"மீனு?" என்றார் மொக்கராசு.

அதற்கு வழியையும் மொக்கராசுவே சொன்னார்.

"கொசுவுக்கு வேணுங்கிறது ஆளு. ஆளு தோப்புல இருந்தா ஊருக்குள்ள அதுக்கு என்ன வேலை? ஞாயித்துக்கிழமை ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் சட்டையக் கழட்டிட்டுத் தென்னந்தோப்புல உக்காரணும். மாப்பிள்ளை மட்டும் வீட்டுல இருக்கணும்."

ஒச்சப்பனுக்கு ஒரு சந்தேகம். "நான் தோப்புலயா, வீட்டுலயா?"

"நீ ஊர் ஆம்பளைதான?" என்று கேட்டார் தலைவர்.

"ஆமா."

"அப்ப தோப்பு."

"மாப்பிள்ளை?"

"அவரு வீட்டுல இருப்பாரு. பொண்ணைக் குடுத்தாத்தானப்பா நீ மாப்பிள்ளை. அதுவரைக்கும் நீ ஊர்க்காரன்."

ஒச்சப்பனுக்கு மனசு லேசானது.

இந்தத் திட்டத்தைக் கேட்ட பெண்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேசரி கிண்டி ஒச்சப்பன் வீட்டில் மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளையும் காய்ச்சல்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஆலங்கரை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

திட்டம் பலித்ததுதான் வேடிக்கை. கொசுவும் நம்மைப் போலத்தானே, பந்தி போட்ட இடத்துக்குத்தான் போகும். தவசிலிங்கம் ஆட்டோவில் வந்து இறங்கி, திறந்து கிடந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு கொசு கடிக்கவில்லை. மனிதருக்கு அவ்வளவு நிம்மதி. பெண்ணைக் கொடுத்துவிடலாம் என்று அங்கேயே தீர்மானம் செய்துவிட்டார். பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். பையனைத்தான் காணோம்.

தேடிக்கொண்டு தோப்புக்கு வந்தார். ஐம்பது அறுபது பேர் வெற்றுடம்போடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், முகம் பணியாரம் மாதிரி வீங்கிப்போய் ஒருவன் இருந்தான். ஒச்சப்பன்தான்.

"தம்பி, மாப்பிள்ளை எங்க?"

"வீட்டுல இருப்பாருங்க. தலைவர் உத்தரவு."

"இல்லையே தம்பி. நான் அங்கருந்துதான் வாரேன்."

ஒச்சப்பன் பதறி எழுந்தான். அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், பரணில் பார்த்தான், மாட்டுக் கொட்டகையில் பார்த்தான். எங்கும் மாப்பிள்ளை இல்லை. அவனுக்கு வந்த கோபத்தில் வீங்கிய முகம் இன்னும் வீங்கியது.

"அவனுக்காக ஊரே அங்க ரத்தம் குடுத்துட்டு உக்காந்திருக்கு. ஒரு நாள் வீட்டுல இருக்கத் துப்பில்ல. ஐயா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இவனை நம்பிப் பொண்ணு குடுக்காதீங்க."

தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒச்சப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு பெத்த புள்ளையோ, என் பொண்ணைக் காப்பாத்துன. உனக்குக் கல்யாணம் ஆகலைன்னா சொல்லு, உனக்கே குடுத்துடுறேன்."

ஒச்சப்பன் பணிவாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

"மன்னிக்கணும் ஐயா. எனக்கு ஆலங்கரையில பேசியாச்சு. வாக்கு மாறக் கூடாது. அவங்க இப்ப வர்ற நேரம், நீங்க கொஞ்சம் கெளம்புனா நல்லது."

அவர் வாயைத் திறப்பதற்குள், கேசரியைக்கூடத் தொடவிடாமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தோப்புக்குத் திரும்பிப் பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"வந்துட்டாங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"இன்னும் இல்ல. இவரு வேற யாரோ, மாப்பிள்ளையைத் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டு வந்திருக்காரு."

"அவரைக் கொசு கடிச்சுதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"பாத்தியா?" என்றார் மொக்கராசு. "நல்லா நிமிந்து உக்காரு. உங்காளுக வர்ற நேரம்."