கைப்பிடிக் கம்பியும் கடுக்காய் நீரும்

“மூணு வருசமா கேட்கேன். எப்பதான் தீட்சை தருவீக?” என்றார் சொரிமுத்து.

தவமணியம்மா கடுக்காய்த் தோட்டை இடித்துக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். கடலோரத்து அந்தச் சின்ன மடத்துக்குக் குரு.

“தந்தா என்ன ஆகும், அண்ணாச்சி?”

“மனசு சுத்தமாகும்.”

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் சரக்குக் கட்டு அவிழ்ந்து ஒரு ஆள் மேல் விழுந்தது. மடத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான். ஒரு ஆள்.

கடலுக்கு இறங்கும் கல்படிகளைக் காட்டினாள். ஓரமாக ஓடிய இரும்புக் கைப்பிடி முழுக்கத் துரு.

“அந்தக் கம்பிக்கு இந்தக் கடுக்காய்த் தண்ணிய அடிங்க. கறுக்கட்டும். அப்புறம் பேசுவோம்.”

மண்பானையில் நீர் கொதித்து, சுண்டி, ஆறியது. சொரிமுத்து வெறுங்கையை உள்ளே விட்டார்.

“கைய எடுங்க.”

“கடுக்காய்தானே அம்மா? வயித்துக்கு மருந்து.”

“அது சிட்டிகை. இது பானை. கண்ணில தெறிச்சா அப்போ தெரியும் மருந்து. கையுறைய மாட்டுங்க. மிச்சத்தைக் கிணத்துப் பக்கம் கொட்டிடாதீக.”

அன்று முழுக்க அவர் கம்பியைத் தேய்த்தார். பிரஷால் தேய்த்தார், உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு புள்ளி சிவப்பு விடவில்லை. மாலை வெயிலில் கம்பி மீன்வயிறு போல் மின்னியது. அதன் மேல் கடுக்காய் நீரை அடித்தார்.

நீர் வழுக்கி இறங்கியது. அங்கங்கே சாம்பலாக ஒரு கறை. அவ்வளவே.

விடியலில் கடலிலிருந்து பனி ஏறி வந்திருந்தது. படி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கம்பி மட்டும் தெரிந்தது. சிவப்பாக.

“கடுக்காய் கெட்டுப்போச்சும்மா.”

தவமணியம்மா கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

“பொண்ணு பார்க்க வாராகன்னு பாத்திரம் தேய்ச்ச மாதிரில்லா தேய்ச்சிருக்கீக.”

“சுத்தமா இருக்கணும்னுதான்.”

“கடுக்காய்த் தண்ணி பிடிச்சுக்கத் துரு வேணும். இல்லைன்னா அது எதுல போய் ஒட்டும்?”

அவர் மறுபடி உப்புத்தாளை எடுத்தார்.

“விடுங்க. துரு நல்லாப் பிடிக்கட்டும்.”

விட்டார். வேறு வேலை இல்லாததால் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக்காற்று வந்தது, போனது. கம்பி நாளுக்கு நாள் சிவந்தது. கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு இருந்தது. எட்டு நாள் ஆனதா பதினெட்டு ஆனதா என்று அவர் எண்ணவில்லை.

ஒரு காலையில் தவமணியம்மா புதுப் பானையோடு வந்தாள்.

“உதிருற பொருக்க மட்டும் தட்டுங்க. ஒட்டியிருக்கறதத் தொடாதீக.”

தட்டினார். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். காய்ந்ததும் கையுறை மாட்டி பிரஷை முக்கினார். அவள் மேல்படியிலிருந்து அடித்து வந்தாள், அவர் கீழ்ப்படியிலிருந்து.

சிவப்பு முதலில் நனைந்தது. பிறகு நாவற்பழத் தோலின் நிறம் வந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில், உள்ளிருந்து யாரோ விளக்கைத் தணிப்பது போல, கறுத்தது. எதுவும் உதிரவில்லை. அங்கே இருந்ததுதான் கறுத்துக் கெட்டிப்பட்டது.

அவர் கை நின்றுவிட்டது.

கடல் மெதுவாக ஒரு படி ஏறி, இறங்கியது.

“ஏசுவடியான்,” என்றார்.

“யாரு?”

“அந்த ஆளு. அவன் பேரு.”

தவமணியம்மா திரும்பவில்லை. அடுத்த படிக்கு நகர்ந்தாள்.

“என்ன வயசு, அண்ணாச்சி?”

“இருபத்தாறு.” பிரஷை மறுபடி முக்கினார். “தெத்துப்பல்லு. சிரிச்சா அதுதான் முதல்ல தெரியும்.”