மண்திட்டில் இரண்டு உயிர்

ஏரி நிறைந்துகொண்டிருந்தது. அது வற்றிக் கிடந்தபோது அதற்குள்ளேயே வீடு கட்டிய எல்லப்பன் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினான்.

ஆட்டுத் தரகில் கத்திக் கத்தியே மேலே வந்தவன். அந்தப் பள்ளத்தில் மற்றதெல்லாம் ஓலைக் குடிசை. அவனுடையது மட்டும் கல் வீடு. கரைமேல் தங்கியிருந்த துறவி அருளாண்டிச் சாமி அவனைவிட இளையவர். ஆனாலும் அவன் தலை வணங்கியது அவர் ஒருவருக்குத்தான்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏரிக்குள் குடியிருக்கிற எல்லா வீட்டாரும் ஒன்றாய் வந்து நின்று கேட்டால்தான், ஏரித் தண்ணீரைக் காக்கும் நீர்க்கட்டி கலிங்கின் பலகையை எடுத்துத் தண்ணீரை வெளியே விடுவார். ஒரு வீடு குறைந்தாலும் கிடையாது. முந்தின நாள் எல்லோரும் போனார்கள். அந்தப் பூச்சிகளோடு நான் நிற்பதா என்று எல்லப்பன் மட்டும் போகவில்லை. பிறகு நீர்க்கட்டியிடம் தனியாகப் போய்ப் பேரம் பேசினான், படியவில்லை. விடிந்ததும் குடிசைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் போய்விட்டார்கள்.

"நானும் அவங்களும் ஒண்ணா சாமி?" என்றான் எல்லப்பன். "என் வீடு வெறும் கல் இல்லை, என் ரத்தம்."

சாமி அவனைக் கூட்டிக்கொண்டு கரையிறங்கினார். சுற்றிலும் தண்ணீர், நடுவே முறத்தளவு மண்திட்டு. அதன்மேல் ஒரு வெள்ளெலி. அதன் வாலோரம் ஒரு பிள்ளைப்பூச்சி.

"இது ரெண்டும் ஒண்ணா?"

எல்லப்பனுக்குச் சுருக்கென்றது. ஆட்டின் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எலிக்கு எலும்பு உண்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும், காய்ந்த மேட்டில் வளை தோண்டும். மற்றது ஆறுகால் பூச்சி. முட்டையிடும், ஈரச் சேற்றுக்குள் கிடக்கும். இனமும் வேறு, இடமும் வேறு என்று அடித்துப் பேசினான். பேசப் பேசத் திட்டு சுருங்கியது. எலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லை," என்றார் சாமி.

எல்லப்பன் திரும்பிப் பார்த்தான். கல் வீட்டின் வாசற்படி தெரியவில்லை.

"அப்போ வாங்க சாமி. நான் வேற, அவங்க வேறன்னு நீர்க்கட்டிகிட்ட வந்து சொல்லுங்க."

சாமி முங்கிக்கொண்டிருந்த திட்டைக் காட்டினார்.

"முதல்ல தண்ணிகிட்டச் சொல்லிப் பாருங்க, எல்லப்பரே."