உள்ளேன் ஐயா

மடத்தில் காலை வேளையில் சாமி தன் சீடர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "இருக்கேன் சாமி" என்று சொல்லிவிட்டுத் தியானத்தில் உட்கார வேண்டும். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, யார் இன்னும் தூங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் என்பார் சாமி.

கோமளா மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். கையைத் தூக்குவாள். ஏன் என்று சாமி கேட்டதில்லை. காரணம் ஊருக்கே தெரியும்.

போன வருஷம், கல்லூரியின் நாட்டு நலப்பணி முகாமில், கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தபோது இடி விழுந்து அவளுடைய தோழி ஜெயராணி செத்துப்போனாள். மறுநாள் காலை, மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முகாமை நடத்திய தமிழய்யா அழுது வீங்கிய முகத்தோடு, மனப்பாடமாயிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பழக்கத்தில் ஜெயராணியையும் கூப்பிட்டுவிட்டார்.

"உள்ளேன் ஐயா" என்றாள் கோமளா.

'பிரசன்ட் சார்' என்றால் தமிழய்யாவுக்குப் பிடிக்காது. ஜெயராணிக்கோ காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது. முகாமில் தினமும் அவளுக்காகக் குரல் கொடுத்தவள் கோமளாதான். அன்றும் அந்த வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில் ஜெயராணியின் அம்மா பாண்டியம்மா, பிள்ளைகள் தங்கியிருந்த வகுப்பறைக்குள் மகளின் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பெயர் காதில் விழுந்தது, பதிலும் விழுந்தது. பையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடி வந்தாள். வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு வேப்பமரத்தடியில் விழுந்தாள். வேண்டுமென்றே செய்ய நினைத்தாலும் ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமை செய்துவிட முடியாது.

அதற்குப் பிறகுதான் கோமளா மடத்துக்கு வந்து சேர்ந்தாள். இப்போது ஜெயராணி இறந்த வருஷ நாள் வந்திருந்தது. பாண்டியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க. வரலேன்னா நான் மடத்துக்கே வருவேன்."

"என்னத்துக்குக் கூப்புடுறாங்கன்னு தெரியல சாமி" என்றாள் கோமளா.

"போனாத் தெரியும்."

"சாபம் விட்டா?"

"வாங்கிக்க."

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். "செத்தவங்கள எப்படி சாமி நெனைக்கணும்?"

"செத்தவங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜெயராணியப் பத்தின்னா அவ அம்மாகிட்டக் கேளு. கெளம்பு."

"நீங்களும் வர்றீங்களா?"

"வராம? எனக்கும் பசிக்குது."

ஜெயராணியின் அப்பா வாசலில் நின்றிருந்தார். கோமளாவைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். உள்ளே பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, அவள் பெயரைச் சொல்லி அழைத்து, அவள் வயதுப் பெண் ஒருத்திக்குச் சோறு போடுவது அந்த வீட்டு வழக்கம். சேலை ஜெயராணியின் படத்துக்கு முன்னால் இருந்தது. இலையும் போட்டாயிற்று.

"உக்காரு" என்றாள் பாண்டியம்மா.

கோமளா உட்கார்ந்தாள். பாண்டியம்மா அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஜெயராணி."

கோமளா சாமியைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன சொன்ன?"

"அம்மா, தெரியாம..."

"தெரியாமத்தான் சொன்ன. என்ன சொன்ன? அதச் சொல்லு."

"ஏ பாண்டியம்மா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்தப் புள்ளைய விடு" என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார்.

"நீ சும்மா இரு மதினி. அந்த வகுப்புலருந்து வேப்பமரம் வரைக்கும் ஓடியாந்தேன்ல? அம்புட்டுத் தூரமும் எம்மக உசுரோட இருந்தா. ஆறுதல் சொல்ல வந்தவுக எத்தனையோ பேரு. அத யாரு எனக்குக் குடுத்தீக? இவதான் குடுத்தா."

பாண்டியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைதானத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஜெயராணி."

"உள்ளேன் ஐயா" என்றாள் கோமளா.

பாண்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விழுந்துவிடுவாள் என்று நினைத்து நாத்தனார் பிடிக்க வந்தாள். பாண்டியம்மா அவள் கையை விலக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சோற்றுச் சட்டியோடு வந்தாள். கோமளாவுக்கு ஆசையாகப் பரிமாறினாள். அவள் அழுதுகொண்டே தின்றாள். இலை காலியாகும் வரை பாண்டியம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"கோமளா, இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

"வைங்கம்மா."

திரும்பி வரும்போது கண்மாய்க் கரையில் கோமளா நின்றாள்.

"நான் சொன்னது பொய்தான சாமி?"

"எது?"

"உள்ளேன்னு சொன்னது. ஜெயராணிதான் இல்லையே."

சாமி ஒரு ஏப்பம் விட்டார்.

"கோமளான்னு கூப்புட்டு ரெண்டாந்தடவ வச்ச சோத்தத் தின்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப நாளைக்குப் பேரு கூப்புடும்போது கையைத் தூக்காத" என்றார் சாமி.