நிலவேம்புத் தண்ணீர்

திருமேனி தம்பியிடம் நல்ல செய்தியில் பாதியைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். மீதியைச் சொல்ல, ஆராய்ச்சியை வழிநடத்தும் மேடத்தின் ஒரு தலையசைப்பு போதும்.

தம்பிக்குப் பெருங்குடல் அழற்சி. நோய் கிளம்பினால் ரத்தமாகப் போகும். மாத்திரைதான் அடக்கி வைத்திருந்தது. அதே மாத்திரை முகத்தை ஊதவும் வைத்திருந்தது. "உன் நிலவேம்பு பலிக்கட்டும்ணே, அன்னைக்கே இதைத் தூக்கிப் போட்டுடுறேன்" என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான்.

சித்த மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் திருமேனி. ஐம்பதை நெருங்கும் வயதில் அதை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான டாக்டர் ஹெப்சிபாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்ததே இந்தத் தம்பிக்காகத்தான்.

ஹெப்சிபா எலிக்கூடத்தில் இருந்தார்.

"மேடம், குடலைப் புண்ணாக்குற உப்பை ரெண்டு கூண்டுக்கும் தண்ணியில கலந்து வச்சேன். இந்தக் கூண்டுக்கு மட்டும் அதே புட்டியில நிலவேம்புச் சாறும் சேர்த்தேன். அங்க எல்லாத்துக்கும் ரத்தப்போக்கு. இங்க ஒண்ணுக்குக்கூட இல்ல. ரெண்டை அறுத்தும் பார்த்துட்டேன். குடல் பட்டு மாதிரி இருக்கு."

"சரி."

"தம்பி மாத்திரையை நிறுத்தலாமா?"

ஹெப்சிபா குழாயடிக்குப் போனார். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர் பிடித்து வந்து, நிலவேம்புக் கூண்டில் மாட்டினார்.

எலிகள் பாய்ந்தன. தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் குடங்கள் முண்டுமே, அப்படி. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் குடித்தது.

"பாவம், தாகம்" என்றார் திருமேனி. சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்தது.

"தண்ணிதான் வச்சிருந்தீங்களே. அப்புறம் என்ன தாகம்?"

திருமேனி பழைய புட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"கசப்பு மேடம். ஆனா எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்களே குடிக்குமே."

"மூக்கைப் பிடிச்சு ஊத்திவிட எலிக்கு அம்மா வந்தாங்களா?"

திருமேனி புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மருந்து சரியா உள்ள போகலை."

"உப்பும்தான் போகலை."

திருமேனி புட்டியை மேசையில் வைத்தார்.

"என் மருந்து வேலை செய்யாதுங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்க இன்னும் அதைச் சோதிச்சே பார்க்கலை. சாறைத் தண்ணியில கலக்காம தனியா வாய்க்குள்ள விடுங்க. எந்தக் கூண்டு எவ்வளவு குடிக்குதுன்னு பாருங்க. அப்புறம் பேசலாம்."

திருமேனியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். எடுத்துப் பேசவில்லை.

"தம்பிதான் மேடம். காலையில இருந்து காத்துக்கிட்டிருக்கான். என்ன சொல்லட்டும்?"

ஹெப்சிபா கையுறையைக் கழற்றினார்.

"எலிங்க நல்லா இருக்குன்னு சொல்லுங்க. புண்ணாக்குற தண்ணியைக் குடிக்காததால நல்லா இருக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க. மாத்திரையை நிறுத்தாம அவரே போட்டுக்குவார்."